தின்பண்டச் சூரியகாந்தி

தின்பண்டச் சூரியகாந்தி என்பது எண்ணெய்க்காக அன்றி, வறுத்துக் கொறிப்பதற்கும் இனிப்பு, ரொட்டி வகைகளில் சேர்ப்பதற்கும் பயிரிடப்படும் பெரிய விதைச் சூரியகாந்தி ரகங்களின் பொதுப் பெயர் ஆகும். தாவரவியல் நோக்கில் இது தனி இனம் அன்று. எண்ணெய்ச் சூரியகாந்தியும் இதுவும் ஹீலியாந்தஸ் அன்னுவஸ் என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஒன்றோடொன்று எளிதில் கலப்பவை. வேறுபாடு விதையில் உள்ளது. எண்ணெய் ரகங்களில் ஆயிரம் விதைகள் பொதுவாக 50 முதல் 70 கிராம் எடை இருக்கும். தின்பண்ட ரகங்களில் அது 100 கிராமைத் தாண்டும்; நல்ல வயலில் 150 கிராம் வரையிலும் செல்லும்.

எண்ணெய்ச் சூரியகாந்தி எடைக்கும் எண்ணெய் அளவுக்கும் விற்கப்படுகிறது. தின்பண்டச் சூரியகாந்தியோ பார்வைக்கு விற்கப்படுகிறது. விதை பெரிதாகவும், ஓடு கீறலின்றியும், பருப்பு புள்ளியின்றியும் இருந்தாலே உரிய விலை கிடைக்கும். இந்த ஒரு காரணத்தால் விதைப்பு முதல் சேமிப்பு வரை இதன் சாகுபடி முறை எண்ணெய்ச் சூரியகாந்தியிலிருந்து விலகிச் செல்கிறது. இப்பயிருக்கு நெடிய மரபு கொண்ட தென் ரஷ்யாவின் குபான் சமவெளியில் வளர்க்கப்படும் ரகங்களை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை அமைந்துள்ளது.

வரலாறு

சூரியகாந்தியின் தாயகம் வட அமெரிக்கா. அங்குள்ள பழங்குடி மக்கள் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே அதனைப் பயிராக்கிவிட்டனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்த இச்செடி, நெடுங்காலம் தோட்டத்து அழகுச் செடியாகவே இருந்தது. ரஷ்யாவில் 18ஆம் நூற்றாண்டில் பரவியபோது மக்கள் முதலில் அதன் விதையைக் கொறிக்கத்தான் கற்றுக்கொண்டனர்; எண்ணெய் பின்னர் வந்தது. இன்று பெல்கோரத் மாகாணத்தில் உள்ள அலெக்சேயெவ்கா என்னும் ஊரில், தனீல் பொக்கார்யொவ் என்ற பண்ணையடிமை 1829இல் கைச்செக்கில் சூரியகாந்தி எண்ணெய் பிழிந்தார். 1833இல் அதே ஊரில் எண்ணெய் ஆலை எழுந்தது. எனவே தின்பண்டச் சூரியகாந்தியை எண்ணெய்ப் பயிரின் கிளை என்று கருதுவது வரலாற்றின்படி தலைகீழானது.

ரஷ்ய உழவர்கள் விதைகளை மூன்றாகப் பிரித்தனர். பெரிய, தடித்த ஓடுடையது கொறிப்பு வகை. சிறிய, மெல்லிய ஓடுடையது எண்ணெய் வகை. இரண்டுக்கும் நடுவே நின்றது இடைப்பட்ட வகை. கொறிப்பு வகையின் விதைகள் குடிபெயர்ந்தோருடன் மீண்டும் அமெரிக்கக் கண்டம் சேர்ந்தன. 1870களில் ரஷ்யப் பேரரசிலிருந்து கனடாவின் மானிட்டோபாவில் குடியேறிய மென்னோனைட் சமயத்தவர் பயிரிட்ட ரகம் அவர்கள் பெயராலேயே அழைக்கப்பட்டது. 1880களில் அமெரிக்க விதை வணிகர்களின் பட்டியல்களில் 'மாமத் ரஷ்யன்' என்ற பெயர் இடம்பெற்றது. மூன்று மீட்டருக்கு மேல் வளரும் இச்செடி இன்றும் வீட்டுத் தோட்டங்களில் விரும்பி வளர்க்கப்படுகிறது. அமெரிக்காவில் பிறந்த செடி, ரஷ்யப் பெயருடன் அமெரிக்காவுக்கே திரும்பி வந்தது.

20ஆம் நூற்றாண்டில் ரஷ்ய ஆய்வாளர்களின் கவனம் எண்ணெயின் பக்கம் சாய்ந்தது. வசீலி புஸ்தவோய்த் (1886-1972) குபானின் தலைநகரில் 1912இல் தொடங்கிய தேர்வுப் பணியின் விளைவாக, விதையின் எண்ணெய் அளவு சுமார் 30 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. இவ்வுயர்வில் பெரும்பகுதி ஓட்டை மெலியச் செய்ததால் கிடைத்தது. ஓடு மெலிந்து பருப்போடு ஒட்டிக்கொண்டதால், எண்ணெய் ஆலைக்கு ஏற்ற அவ்விதை பல்லுக்கு ஏற்றதாக இல்லை. கொறிக்கும் வழக்கமோ குறையவில்லை. ஆகவே கிராஸ்னதாரில் புஸ்தவோய்த்தின் பெயர் தாங்கிய எண்ணெய்வித்து ஆய்வு நிறுவனம், பிற்காலத்தில் பெரிய விதை ரகங்களுக்கெனத் தனித் தேர்வுப் பணியை மேற்கொண்டது.

விதையின் அமைப்பு

நாம் சூரியகாந்தி விதை என்று சொல்வது உண்மையில் ஓர் உலர்கனி ஆகும். அதன் ஓடு கனியின் சுவர். உள்ளே இருக்கும் பருப்பே விதை. பழைய தின்பண்ட வகைகளில் கனியின் எடையில் 40 விழுக்காட்டுக்கும் மேல் ஓடாக இருக்கும். எண்ணெய் ரகங்களில் இது 20 முதல் 25 விழுக்காடு. தின்பண்ட விதையில் ஓட்டுக்கும் பருப்புக்கும் இடையே சிறு வெற்றிடம் உண்டு. பல்லிடுக்கில் வைத்து அழுத்தியதும் ஓடு பிளந்து பருப்பு முழுதாக வெளிவருவது இவ்வெற்றிடத்தால்தான். ஆனால் வெற்றிடம் மிகுந்தால் விதை பார்வைக்குப் பெரிதாகவும் உள்ளே பருப்பு சிறுத்தும் போகும். ஆகையால் விதையின் நீளம் மட்டும் தரத்துக்குச் சான்றாகாது.

ஓட்டின் புறத்தோலுக்கு அடியில் கரிய நிறமுள்ள மெல்லிய படலம் ஒன்று உள்ளது. ரஷ்ய நூல்கள் இதனைக் கவசப் படலம் என்கின்றன. சூரியகாந்தி அந்துப்பூச்சியின் புழு இப்படலத்தைத் துளைக்க இயலாது. புழு தன் முதற்பருவத்தில் மகரந்தத்தையும் பூவிதழ்களையும் தின்று வளர்ந்த பின்னரே விதையை நாடும். அதற்குள் படலம் உருவாகிவிட்டால் விதை தப்பிவிடும். பழைய கொறிப்பு வகைகள் பலவற்றில் இப்படலம் இல்லாமையால் புழு பெருஞ்சேதம் விளைவித்தது. தற்கால ரஷ்ய ரகங்களில் இது தேர்வின் மூலம் நிலைநிறுத்தப்பட்டுள்ளது.

ரகங்கள்

கிராஸ்னதார் நிறுவனம் வெளியிட்ட ரகங்களுள் எஸ்பிகே, லக்கோம்கா, ஒரேஷெக், ஜின் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. லக்கோம்கா என்றால் தின்பண்டப் பிரியர். ஒரேஷெக் என்றால் சிறு கொட்டை. எஸ்பிகே இவற்றுள் மூத்தது. லக்கோம்கா அதிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. உக்ரைனின் சப்பரீஷியா நகரிலும் இத்தகைய ரகங்கள் உருவாக்கப்பட்டுள்ளன.

இவை வீரிய ஒட்டு அல்ல. திறந்த மகரந்தச் சேர்க்கை ரகங்கள். எண்ணெய்ச் சூரியகாந்தியில் வீரிய ஒட்டு வித்துகள் ஏறத்தாழ முழு ஆட்சி செலுத்தும் நிலையில், தின்பண்டப் பயிரில் மட்டும் ரஷ்யாவில் ரகங்கள் தாக்குப்பிடித்து நிற்கின்றன. விதை மலிவாகக் கிடைப்பதும், சுவை நன்றாக இருப்பதும், தேனீக்களை மிகுதியாக ஈர்ப்பதும் இதற்குக் காரணங்கள். மறுபுறம், ரகத்தின் செடிகள் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. ஒரே நாளில் பூப்பதும் இல்லை. பூக்கும் காலமும் முதிரும் காலமும் நீள்வதால் அறுவடை நாளைக் குறிப்பது கடினமாகிறது.

இடைவெளியும் விதையின் அளவும்

தின்பண்டச் சூரியகாந்திச் சாகுபடியில் முதன்மையான முடிவு, ஓர் எக்டேரில் எத்தனை செடி நிற்க வேண்டும் என்பதே. எண்ணெய்ப் பயிருக்கு எக்டேருக்கு 50,000 முதல் 60,000 செடிகள் வரை வைக்கப்படுகின்றன. பெரிய விதை ரகங்களுக்கு 25,000 முதல் 30,000 வரை போதும். வரிசைக்கு வரிசை 70 செ.மீ. என்று கொண்டால், 28,000 செடிகளுக்குச் செடிக்குச் செடி சுமார் 51 செ.மீ. இடைவெளி வருகிறது. எண்ணெய்ப் பயிரில் இதே வரிசையில் 55,000 செடி வைத்தால் இடைவெளி 26 செ.மீ. தான்.

அடர்த்தி கூடினால் பெரிய விதை ரகமும் சிறிய விதையையே தரும். அப்போது ஓர் எக்டேரின் மொத்த விளைச்சல் குறையாமல் இருக்கலாம், சற்றே கூடவும் செய்யலாம். ஆனால் கொறிப்புக்கு ஏற்ற பெரிய விதையின் பங்கு சரிந்து, மிச்சம் எண்ணெய் ஆலைக்கே போகும். புதிதாக இப்பயிரை மேற்கொள்வோர், வயல் வெறிச்சோடித் தெரிகிறதே என்று எண்ணி விதையைக் கூட்டிப் போடுவது பொதுவான பிழை.

அடர்த்தியை அளவுக்கு மீறிக் குறைப்பதும் நன்றன்று. செடிகள் மிக எட்ட நின்றால் தண்டு பருத்து, பூக்கொண்டை மிகப் பெரிதாகும். பெரிய கொண்டையின் நடுவில் பதர் மிகும். தடித்த கொண்டை மெதுவாக உலர்வதால் மழைக்காலம் தொடங்குவதற்குள் அறுவடை முடியாமல் போகலாம். ஈரம் தங்கிய கொண்டையில் சாம்பல் அழுகல் பற்றும். செடிகளின் எண்ணிக்கையைப் போலவே அவை சீரான இடைவெளியில் நிற்பதும் முக்கியம். ஓரிடத்தில் இரட்டைச் செடி, அடுத்த இடத்தில் வெற்றிடம் என்றிருந்தால், கணக்கில் 28,000 வந்தாலும் விதைகள் ஒரே அளவாக அமையா.

விதைப்பும் பராமரிப்பும்

ஆயிரம் விதையின் எடை 120 கிராம் எனில் ஒரு கிலோவில் ஏறத்தாழ 8,300 விதைகள் இருக்கும். முளைக்காதவற்றையும் கருதி எக்டேருக்கு 30,000 விதை இட்டால் 3.6 கிலோ தேவைப்படும். விதைக்கும் கருவியின் தட்டில் உள்ள துளைகள் பெரிய விதைக்கு ஏற்றவாறு மாற்றப்பட வேண்டும்; எண்ணெய்ப் பயிருக்கான தட்டையே பயன்படுத்தினால் விதை விழாத இடங்கள் மிகும்.

மண்ணின் வெப்பம் 10 முதல் 12 பாகை செல்சியசை எட்டிய பின்னரே விதைப்பது வழக்கம். தடித்த ஓடு நனைந்து பருப்பு ஊறக் கூடுதல் ஈரம் வேண்டும். ஆதலால் விதை 6 முதல் 8 செ.மீ. ஆழத்தில், ஈரமண்ணில் அமர வேண்டும். குளிர்ந்த மண்ணில் நெடுநாள் கிடந்தால் பூஞ்சை தாக்கும்.

களைக்கொல்லியைத் தாங்கும் வீரிய ஒட்டுகளைப் போல இந்த ரகங்களின் மீது இமிடசோலினோன் வகை மருந்துகளைத் தெளிக்க இயலாது, செடியே பட்டுப்போகும். எனவே முளைக்கும் முன் இடும் மருந்தும் இயந்திர இடை உழவுமே துணை. அகன்ற இடைவெளியில் வெயில் தரையில் விழுவதால் களை வளர வாய்ப்பும் மிகுதி. செடிகள் வரிசையை மூடும் வரை வயலைத் தூய்மையாக வைத்திருப்பது கட்டாயம்.

பூக்கொண்டை அரும்புவது முதல் விதை நிரம்புவது வரை நீர் தேவை உச்சத்தில் இருக்கும். இக்காலத்து வறட்சி விதையை நேரடியாகச் சிறுக்கச் செய்யும். தழைச்சத்தை மிகுதியாக இட்டால் செடி சாயும், நோயும் பெருகும். பூக்கும் போது எக்டேருக்கு ஒன்று அல்லது இரண்டு தேன்கூட்டுப் பெட்டிகள் வைப்பது பதரைக் குறைக்கும். தேன் அதன்மேல் கிடைக்கும் வருவாய்.

ரகத்தின் தூய்மை

சூரியகாந்தி அயல் மகரந்தச் சேர்க்கைத் தாவரம். தேனீக்கள் எண்ணெய்ச் சூரியகாந்தி வயலிலிருந்து மகரந்தத்தை எளிதில் கொண்டுவரும். ஆனால் அவ்வாண்டே உழவருக்குக் கலப்பு தெரியாது. ஓடு என்பது தாய்ச்செடியின் திசு. தந்தை எதுவாயினும் ஓட்டின் நிறமும் கோடுகளும் வடிவமும் தாய்ச்செடியின்படியே அமையும். கலப்பு நிகழ்ந்தது பருப்புக்குள் இருக்கும் கருவில். அதை அடுத்த ஆண்டு விதைத்தால், கோடுள்ள பெரிய விதையிலிருந்து முளைத்த செடி சிறிய கரிய விதையைத் தரக்கூடும். தன் களத்தில் விளைந்த அழகிய விதையை நம்பி மறு விதைப்புக்கு எடுத்து வைத்தவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்.

ஆகவே வணிகப் பயிருக்கு அயலில் எண்ணெய்ச் சூரியகாந்தி இருப்பது அவ்வளவு தடையன்று. விதைப் பயிருக்கோ பல நூறு மீட்டர் முதல் சில கிலோமீட்டர் வரை விலக்குத் தொலைவு தேவை. எண்ணெய்ச் சூரியகாந்தி எங்கும் நிறைந்த குபானில் இத்தகைய ஒதுக்குப்புற நிலத்தைத் தேடிப் பிடிப்பதே விதை உற்பத்தியாளரின் பெரும்பாடு. முந்தைய ஆண்டில் உதிர்ந்து தானே முளைத்த சூரியகாந்திச் செடிகளையும் பூக்குமுன் பிடுங்கியாக வேண்டும்.

ஓரோபாங்கே

ஓரோபாங்கே கூமானா என்பது சூரியகாந்தியின் வேரில் ஒட்டி வாழும் பச்சையமற்ற களையாகும். இதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு செடி தமிழ்நாட்டுப் புகையிலை வயல்களில் புகையிலைக் காளான் எனப்படுகிறது. தூசி போன்ற இதன் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, சூரியகாந்தியின் வேர்க் கசிவு பட்டவுடன் முளைக்கும். ஒட்டுண்ணி நீரையும் உணவையும் உறிஞ்சுவதால் முதலில் பாதிக்கப்படுவது விதையின் அளவே.

ஒவ்வொரு முறையும் எதிர்ப்புள்ள ரகம் வந்த பின், அதனை மீறும் புதிய ஓரோபாங்கே வகை தோன்றியுள்ளது. இவ்வகைகள் ஏ, பி என எழுத்துகளால் குறிக்கப்பட்டு, இன்று எச் வரை வந்துள்ளன. எதிர்ப்புத்திறனை வீரிய ஒட்டில் சேர்ப்பது எளிது. பல்வகைச் செடிகளின் தொகுதியாகிய திறந்த ரகத்தில் சேர்ப்பது நெடும்பணி. எனவே புதிய வகைகள் பரவிய நிலங்களில் பழைய தின்பண்ட ரகங்கள் நிலைகொள்ள இயலாமல் போகின்றன. ஒரே வயலில் ஏழு, எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் சூரியகாந்தி விதைக்கும் பழைய பயிர்ச் சுழற்சி முறை இதற்கு நம்பகமான தடுப்பு. சூரியகாந்தி நல்ல விலை பெறும் ஆண்டுகளில் அந்த ஒழுங்கு பெரும்பாலும் மீறப்படுகிறது.

பூச்சிகளும் பறவைகளும்

எண்ணெய்ப் பயிரில் பொருட்படுத்தப்படாத பூச்சிக்கடி இங்கு இழப்பாகும். வட அமெரிக்காவில் லைகஸ் என்னும் நாவாய்ப்பூச்சி வளரும் விதையில் அலகைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சுகிறது. ஓட்டில் அடையாளம் தெரியாது. பருப்பில் பழுப்புப் புள்ளி ஏற்பட்டுக் கசக்கும். நூறு நல்ல பருப்புக்கு இடையே வாயில் அகப்படும் ஒரு கசப்புப் பருப்பே வாங்குவோரை விலக்கப் போதுமானது என்பதால், கொள்முதல் நிறுவனங்கள் இச்சேதத்துக்கு மிகக் குறைந்த அளவையே அனுமதிக்கின்றன. சிவப்பு விதைக் கூன்வண்டும் அங்கு முக்கியப் பகை. மருந்து தெளிப்பதாயின் தேனீக்கள் வயலில் இல்லாத மாலை நேரமே ஏற்றது.

அறுவடையும் தரம் பிரித்தலும்

பூக்கொண்டையின் பின்புறம் மஞ்சளாகி, அதைச் சூழ்ந்த செதில்கள் பழுப்பாகும்போது விதை முதிர்ச்சி அடைந்துவிடுகிறது. அந்நிலையில் விதையின் ஈரம் சுமார் 35 விழுக்காடு இருக்கும். செடி வயலிலேயே மேலும் உலர வேண்டும். மிகவும் உலரவிட்டால் விதை உதிரும், பறவைகள் தின்னும், அடிக்கும்போது ஓடும் பிளக்கும். கதிரடிக்கும் உருளையின் வேகத்தைக் குறைத்து, இடைவெளியை அகற்றி வைப்பது அவசியம். உடைந்த ஓடுள்ள விதை வறுக்கும்போது கருகும். சேமிப்பில் பருப்பு சிக்கடிக்கும்.

உலர்த்தும் காற்று மிகச் சூடாக இருந்தால் பெரிய பருப்பு ஓட்டுக்குள்ளேயே வெந்து சுருங்கும். மிதமான வெப்பத்தில் நிதானமாக உலர்த்தி, ஈரம் 10 விழுக்காட்டுக்குக் கீழ் வந்த பின் சேமிப்பர். ரஷ்யாவில் 7 முதல் 8 விழுக்காடு வரை உலர்த்துவது வழக்கம்.

அமெரிக்காவில் விதைகள் சல்லடையால் பிரிக்கப்படுகின்றன. ஏறத்தாழ 8 மி.மீ. வட்டத் துளையின் மேல் தங்குபவை ஓட்டுடன் வறுக்கப்படும். இவற்றுக்கே விலை அதிகம். நடுத்தர விதைகள் ஓடு நீக்கப்பட்டு ரொட்டித் தயாரிப்புக்குச் செல்லும். சிறியவை பறவைத் தீவனமாகும். ஒரே வயலின் விளைச்சல் மூன்று விலைகளாகப் பிரிந்துபோகும் இவ்விடத்தில்தான் விதைப்பின்போது விடப்பட்ட இடைவெளியின் பயன் தெரியவரும்.

சூரியகாந்தி மண்ணிலிருந்து காட்மியம் என்ற நச்சு உலோகத்தை மற்றப் பல பயிர்களை விட மிகுதியாக ஈர்க்கும். பருப்பு நேரடியாக உண்ணப்படுவதால் ஏற்றுமதியில் இது சோதிக்கப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் காட்மியத்தைக் குறைவாக ஈர்க்கும் தின்பண்ட வழித்தோன்றல்களை இதற்கெனவே உருவாக்கினர்.

பயன்கள்

உலர்ந்த பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 50 கிராம் கொழுப்பும் 20 கிராம் புரதமும் உள்ளன; உயிர்ச்சத்து ஈ மிகுதி. ரஷ்யாவிலும் உக்ரைனிலும் ஓட்டுடன் வறுத்த விதை செமெச்கி எனப்படுகிறது. பருப்பை அரைத்துச் சர்க்கரைப் பாகுடன் கிளறிச் செய்யும் ஹல்வா அங்கு பெயர்பெற்றது; நம்மூர் அல்வாவைப் போலக் குழைவாக இராமல் உதிரும் தன்மையுடையது. பருப்பைப் பாகில் இறுக்கிச் செய்யும் கசினாக்கி, நம் கடலை மிட்டாயை ஒத்தது. ஸ்பெயினில் பிப்பாஸ் என்றும், சீனாவில் குவாசி என்றும், துருக்கியில் செக்கிர்தெக் என்றும் வறுத்த விதை விற்கப்படுகிறது.

பிற நாடுகளில்

சீனாவின் உள் மங்கோலியாவில், மஞ்சளாற்றுப் பாசனம் பெறும் ஹெதாவ் சமவெளி இப்பயிரின் பெரும் மையம். வூயுவான் மாவட்டம் சூரியகாந்தியின் ஊர் என்றே அறியப்படுகிறது. முன்னர் அமெரிக்க வீரிய ஒட்டு ஒன்று பரவலாக இருந்த இடத்தில், பின்னர் எஸ்எச் 363 போன்ற மிக நீண்ட விதையுள்ள சீன ஒட்டுகள் பரவின. ஓரோபாங்கேயும் வெர்ட்டிசிலியம் வாடல் நோயும் அங்கும் தொல்லை தருகின்றன. அமெரிக்காவில் வடக்கு, தெற்கு டக்கோட்டா மாநிலங்களில் கொள்முதல் நிறுவனங்களுடன் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டே பெரும்பாலும் விதைக்கப்படுகிறது.

இந்தியாவுக்கு 1969இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த பெரெதோவிக், அர்மவீர்ஸ்கி முதலியவை எண்ணெய் ரகங்கள். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் சூரியகாந்தி எண்ணெய்ப் பயிராக மட்டுமே வேரூன்றியதற்கு அத்தொடக்கமும் ஒரு காரணம்.